பாதுகாப்புக் குழுவின் ஏழாம் விதி

மனித குலம் இதுவரை காத்த ரகசியங்களில் தலைசிறந்தது எது என்று அறிஞர்கள் இன்னும் முடிவுக்கு வரவில்லை. வரும்போது, எங்கள் ஊரில், காதலிலும் பாலினத்திலும் வழக்கத்துக்குள் அடங்காத பால்புதுமையர் நடத்திய முதல் கலைவிழாவைத்தான் அவர்கள் சொல்லியாக வேண்டும். ராணுவங்கள் ரகசியம் காத்திருக்கின்றன. ஆனால் துப்பாக்கி வைத்துக்கொண்டு. வங்கிகள் காத்திருக்கின்றன, ஆனால் இரும்புப் பெட்டி வைத்துக்கொண்டு. துப்பாக்கியும் பெட்டியும் இல்லாத முப்பத்தோரு இளைஞர்கள், ஐந்து மாதம், பெரும்பாலோர் முகம் பெரும்பாலோருக்குத் தெரியாமலே ஒரு விழாவைக் கட்டி எழுப்பினார்கள். சுவரொட்டி ஒட்டினால் தெரிந்துவிடும் என்பதால் சுவரொட்டி அச்சிட்டு அலமாரியில் வைத்துப் பூட்டினார்கள். அழைப்பிதழில் இடமும் நேரமும் இல்லை. அழைப்பிதழே இல்லாத அழைப்பு வேண்டும் என்றும் ஒரு தீர்மானம் வந்து, ஒரே ஒரு வாக்கில் தோற்றது.

இந்தச் சாதனைக்கு மூலகாரணம் ஒரு கண்ணாடிக் கடைப் பெண். வயது இருபத்து மூன்று. வாடிக்கையாளர் மூக்கின் மேல் சோதனைச் சட்டத்தை மாட்டி, வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா இருக்கா, இல்ல இதுவா?" என்று கேட்பது அவள் உத்தியோகம். மற்ற நேரமெல்லாம் நூலகத்து மொழிபெயர்ப்பு நாவல்கள். பனி பெய்யும் நகரங்களில், நீண்ட மேலங்கி அணிந்த உளவாளிகள் பாலத்தடியில் சந்தித்து, துண்டுச் சீட்டைப் படித்ததும் மென்று விழுங்கிவிடுகிற நாவல்கள். நூற்றுக்கு மேல் படித்திருந்தாள். ஆகவே "பாதுகாப்புக் குழு" அமைந்தபோது தலைவி பதவிக்கு இன்னொரு பெயர் எழவில்லை.

விழாவைத் தொடங்கியவள் ஒரு கார் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியின் ஆசிரியை. அந்தப் பள்ளியின் வகுப்பறையில்தான் முதல் கூட்டம்; வந்தது ஐந்தாறு பேர்தான், மற்றவர்கள் பிறகு சேர்ந்தவர்கள். சுவர் முழுக்க சாலை விதிப் பலகைகள். சொந்தப் பெயர் கூடாது, ஆளுக்கொரு பலகையின் பெயரை வைத்துக்கொள்ள வேண்டும் என்பது முதல் விதி. ஆசிரியை 'ஹாரன் அடிக்காதே' என்ற பலகையைத் தேர்ந்தெடுத்து, அதைத் தெருமுனை வரை கேட்கும் குரலில் அறிவித்ததால், அன்றிலிருந்து ஹாரன் ஆனாள். கண்ணாடிக் கடைப் பெண் எதிரில் கண்ட பலகை, சிவப்பு வட்டத்தின் நடுவே வெள்ளைக் கோடு. அவள் பெயர் 'நுழையாதே' என்று பதிவாயிற்று.

"எதுக்கும்மா இவ்வளவு ரகசியம்?" என்று கேட்டாள் ஹாரன். "ஒரு நாடகம், நாலு பாட்டு, பத்து ஓவியம். குண்டா வைக்கப் போறோம்?"

"குண்டு வச்சா வீட்ல மன்னிச்சிடுவாங்க" என்றாள் நுழையாதே.

அத்துடன் விவாதம் முடிந்தது. பிறகு விதிகள் ஏகமனதாக நிறைவேறின.

ஒரு குழுவினர் இன்னொரு குழுவினரைப் பார்க்கக் கூடாது என்பது அவற்றில் முக்கியமானது. நாவல்களில் அப்படித்தான், ஒருவன் பிடிபட்டாலும் மற்றவர்களைக் காட்டிக்கொடுக்க அவனுக்கு முகம் தெரியாது. இங்கே யார் யாரைப் பிடிக்கப் போகிறார்கள் என்று கேட்கப்பட்டது. "அது பிடிக்கும்போது தெரியும்" என்று தலைவி விளக்கினாள். அப்புறம் பொதுக்கூட்டம் எல்லாமே போனில், எண் காட்டாத செயலியில், பலகைப் பெயரோடு குழுச் செய்திகளாகத்தான் நடந்தது. எல்லோரையும் நேரில் பார்த்தவள் ஹாரன் ஒருத்திதான். யார் வீடு எது என்று அவளுக்கும் தெரியாது.

ஜனநாயகம் அங்கே எவ்வளவு ஆழமாக வேரூன்றியிருந்தது என்பதற்கு நாற்காலி விவாதம் ஒன்றே போதும்.

"நாற்காலிய வட்டமா போடலாம். எல்லாரும் சமம்" என்று ஹாரன் எழுதினாள்.

பின்திரை வரையும் குழுவிலிருந்து, எதற்கும் மறுப்புச் சொல்லிப் பெயர் பெற்ற 'வேகத்தடை' பதில் போட்டான்: "வட்டமா போட்டா பாதிப் பேர் நடிக்கிறவங்க முதுகைத்தான் பார்ப்பாங்க. முதுகு பார்க்குறதுல என்ன சமம்?"

"வரிசையா போட்டா கடைசி வரிசைல உட்கார்றவங்க மனசு நோகும்" என்றாள் நுழையாதே.

"அப்ப கடைசி வரிசைய முதல்ல போட்டுடுவோம்."

"அது முதல் வரிசை ஆயிடும்."

"பார்த்தீங்களா, பிரச்சினை தீர்ந்துது."

நாற்பத்திரண்டு செய்திகளுக்குப் பிறகு, அரைவட்டம் என்று முடிவானது. அரைவட்டத்தில் கடைசி வரிசை எது என்பதை ஆராய ஒரு துணைக்குழு அமைக்கப்பட்டது. அது இன்னும் அறிக்கை தரவில்லை.

நுழையாதேவுக்கு அந்த வேகத்தடையின் செய்தியைக் கண்டாலே எரிச்சல். ஆனால் காலையில் பல் தேய்க்கும்போதே அவன் என்ன மறுத்திருக்கிறான் என்று பார்க்காமல் இருக்க முடியவில்லை. இட்ட விதியை மீறாத ஆள்தான். ஒரே ஒருமுறை தவிர. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளுக்குத் தனியாக ஒரு செய்தி வந்தது: "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்போல இருக்கு. எங்க வீட்ல ஒரு..."

அவள் முழுதாகப் படிக்கக்கூட இல்லை. "விதி நான்கு. வீட்டு விவரம் கூடாது" என்று பதில் போட்டாள்.

"மன்னிக்கவும்" என்று வந்தது.

கடமையைச் செய்த நிறைவில் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, சாப்பாட்டு மேசையில் எதிரே இருந்த அண்ணனிடம் தண்ணீர்ச் செம்பை நகர்த்தினாள். அவனும் போனைக் கவிழ்த்து வைத்தான். லிஃப்ட் மெக்கானிக். விடுமுறை நாளிலும் நாலு மாதமாக "அவசர ரிப்பேர்" என்று ஓடிக்கொண்டிருந்தான். அவளும் ஞாயிறுதோறும் "கம்ப்யூட்டர் கிளாஸ்" போய்க்கொண்டிருந்தாள். இப்படி ஓடியாடி முன்னேறும் பிள்ளைகளைப் பெற்றதில் அம்மாவுக்குத் தெருவே தெரியும்படி பெருமை.

"ஏண்டா, நகத்துல என்ன நீலமா?" என்றாள் அம்மா.

"கிரீஸ்மா."

"கிரீஸ் கருப்பால்ல இருக்கும்?"

"புது கம்பெனி கிரீஸ்."

அப்பா பஸ் டிப்போவில் நேரக் காப்பாளர். வண்டி வந்த நேரம், போன நேரம் தவிர வேறெதையும் குறித்து வைத்துக்கொள்ளும் பழக்கம் அவருக்கு இல்லை.

இனி, பாதுகாப்புக் குழுவின் மகுடமாக விளங்கிய ஏற்பாட்டைச் சொல்ல வேண்டும். அதன் பெயர் அச்சப் பட்டியல். தொண்டர் ஒவ்வொருவரும், தன்னை இந்த விழாவில் பார்த்துவிடவே கூடாத ஆள் யாரோ அவருடைய புகைப்படத்தை உறையில் போட்டு ஒட்டிக் கொடுக்க வேண்டும். பின்பக்கம் "அச்சத்துக்கான காரணம்" ஒரு வரி. கொடுத்தவர் பெயர் வேண்டாம்; எத்தனை உறை வேண்டுமானாலும் கொடுக்கலாம். விழா நாளில் மதியம் இரண்டு மணிக்கு வாசல் குழு உறைகளைப் பிரித்து, படங்களைப் பலகையில் குத்தி வைக்கும். பலகையில் இருக்கிற முகம் வாசலுக்கு வந்தால் உள்ளே விடக் கூடாது. அதற்கு முன் உறையைப் பிரிக்கத் தலைவிக்கே அதிகாரம் கிடையாது.

அவளும் ஓர் உறை கொடுத்தாள். மணிக்கணக்கில் உட்கார்ந்து யோசித்தெல்லாம் கொடுக்கவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன் ஸ்டூடியோவில் எடுத்த குடும்பப் படத்தின் பிரதி ஒன்றிலிருந்து அண்ணனைக் கத்தரித்தாள். அவன் தோள்மேல் அவள் கை இருந்தது. கையைத் தனியாக வெட்டினால் தோளும் போய்விடும் என்பதால் நாலு விரல் அதிலேயே தங்கிவிட்டது.

இவ்வளவு ஏற்பாடும் ஊருக்காக என்று நினைத்துவிடக் கூடாது. அவளுக்கென்று அந்த விழாவில் ஒரு காரியம் இருந்தது: மூன்று பக்கம். அவளே எழுதியது. ஒரு பெண் இன்னொரு பெண்ணுக்குக் கண் பரிசோதிக்கிற கதை. வில்லை மாற்றி மாற்றிக் கேட்கிறாள், இது தெளிவா, இதுவா என்று. எல்லாமே தெளிவாகத்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டால் எழுந்து போக வேண்டும் என்பதால், வந்தவள் எதுவுமே தெளிவாக இல்லை என்கிறாள். அவ்வளவுதான் கதை. நாலரை மணிக்கு, மேடையில், சொந்தக் குரலில் அதைப் படிக்க வேண்டும். இருபத்து மூன்று வருஷத்தில் அவள் சத்தமாகச் சொல்லப்போகிற முதல் உண்மை அது. அவள் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுப் பழகிக்கொண்டிருந்தாள்.

விழா நடந்த இடம் மூடிக்கிடந்த இறகுப்பந்து அரங்கம். தகரக் கூரை, இரண்டு கதவு. மதியம் இரண்டே முக்காலுக்கு மூன்று பக்கத்தையும் பையில் வைத்துக்கொண்டு நுழையாதே வந்து சேர்ந்தாள். வாசலில் இரண்டு பேர். ஒருத்தி 'வழிவிடு', மருந்துக் கடையில் வேலை, யார் இருமினாலும் முகம் வாடும். இன்னொருவன் 'குறுகியபாலம்', மழலையர் பள்ளி ஆசிரியன், கதவை அடைத்துக்கொண்டு நிற்கிற உடம்பு. விதிப்படி இருவரும் தலைவியைப் பார்த்ததே இல்லை.

அவர்களுக்குப் பின்னால் பலகையில் ஐம்பத்தெட்டு படங்கள். அப்பாக்கள் பத்தொன்பது பேர். மாமாக்கள் ஒரு பேருந்துக்கு ஆவார்கள். ஒரு நாய்கூட இருந்தது. எஜமானரைப் பார்த்தால் சந்தோஷத்தில் ஊரைக் கூட்டிவிடும் என்பது காரணம்.

குறுகியபாலம் அவள் முகத்தைப் பார்த்தான். பலகையைப் பார்த்தான். மறுபடி முகத்தைப் பார்த்தான்.

"ஒரு நிமிஷம் மேடம். நீங்க உள்ள போக முடியாது."

"நான் நுழையாதே."

"அதைத்தான் மேடம் நானும் சொல்றேன்."

"இல்லப்பா, என் பேர் நுழையாதே. பாதுகாப்புக் குழுத் தலைவி. வேணும்னா ரகசிய வாக்கியம் சொல்றேன்: முன்னால் வழுக்கும் பாதை, மெதுவாகச் செல்க."

வழிவிடு தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "வாக்கியம் சரிதாங்க. ஆனா ஏழாவது விதி இருக்கே. 'பட்டியலில் உள்ள ஒருவர் ரகசிய வாக்கியத்தையும் அறிந்து வந்தால், அவர் இருமடங்கு ஆபத்தானவர்.'"

அது எவ்வளவு அழகாக எழுதப்பட்ட விதி என்று அவளுக்குத் தெரியும். இரண்டு மாலை உட்கார்ந்து அவளே எழுதியது.

"பட்டியல்ல நானா?"

குறுகியபாலம் பக்கவாட்டில் நகர்ந்தான். மாமாக்களுக்கும் நாய்க்கும் நடுவில் அவள் முகம் இருந்தது. ஸ்டூடியோப் படம். நன்றாகத்தான் விழுந்திருந்தாள், அதற்காகவே வீட்டில் சட்டம் போட்டு மாட்டிய படத்தின் பிரதி. யாரோ அவளைக் கண்டு பயந்திருக்கிறார்கள். கண்ணாடிக் கடையில் குழந்தைகள்கூட அவளைக் கண்டு பயப்பட்டதில்லை.

"ஹாரனைக் கூப்பிடுங்க."

ஹாரன் உள்ளேயிருந்து, கதவைத் தாண்டாமலே, தகரக் கூரை அதிரச் சொன்னாள்: "நீதானேம்மா எழுதினே! ஒன்பதாம் படிவம் நிரப்பிக் குடுத்தா பேரை எடுத்துடலாம்!"

"படிவம் எங்க?"

"உள்ள இருக்கு!"

"எடுத்துட்டு வாங்க."

"'படிவம் அரங்கை விட்டு வெளியே போகக் கூடாது.' அதுவும் உன் கையெழுத்துதான்!"

குறுகியபாலம் அவளுக்கு ஆறுதல் சொன்னான், பென்சிலைத் தொலைத்த பிள்ளைக்குச் சொல்கிற குரலில். "நீங்க மட்டும் இல்ல மேடம். இரண்டு மணிக்கு உறை பிரிச்சதுமே நம்ம ஆளு ஒருத்தரையே வெளிய அனுப்பிட்டோம். பின்திரை முழுக்க அவர் வரைஞ்சதுதான். பாவம், பிரஷைக் கழுவவோ பலகையைப் பார்க்கவோகூட நேரம் தரல. அதோ, சைக்கிள் ஸ்டாண்டுல உட்கார்ந்திருக்காரு."

முதுகு காட்டி உட்கார்ந்திருந்தான். அந்த முதுகை அவளுக்குத் தெரியும். இருபத்து மூன்று வருஷமாக டிவியை மறைக்கிற முதுகு.

காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பினான்.

"நீ எங்கடி இங்க?"

"கம்ப்யூட்டர் கிளாஸ்."

"இங்கயா?"

"நீ?"

"லிஃப்ட் ரிப்பேர்."

"இந்தக் கட்டடத்துக்கு மாடியே இல்லண்ணா."

அவன் கையைப் பின்னால் மறைத்தான். முழங்கை வரை நீலம். புது கம்பெனி கிரீஸ். பிறகு மறைக்க ஒன்றும் மிச்சமில்லை என்று தோன்றியிருக்க வேண்டும். கையை மடியில் வைத்துக்கொண்டான்.

"நாற்காலிக்கு நாற்பத்திரண்டு மெசேஜ்..." என்றாள் அவள்.

"விதி நான்கு, விதி நான்குன்னு உயிரை வாங்கினது நீயா?"

"நீ வேகத்தடையா?"

"வீட்ல ஒரு தங்கச்சி இருக்கா, அவளுக்குத் தெரிஞ்சிடுமோன்னு பயமா இருக்குன்னு சொல்லலாம்னு வந்தேன். வாயைத் திறக்க விட்டியா?"

அவள் விறுவிறுவென்று வாசலுக்குத் திரும்பினாள். உள்ளே போகத்தான் அனுமதி இல்லையே தவிர, பலகையைப் பார்க்கத் தடை இல்லை. "அந்த ரெண்டு படத்தையும் எடுங்க. என்னுது, அவனுது."

வழிவிடு, தன் பெயருக்கு ஏற்ப, எடுத்துக் கொடுத்தாள். குறுகியபாலம் அந்த நேரம் பார்த்து வேறு பக்கம் திரும்பி, வானத்தில் மழை வருமா என்று ஆராய்ந்தான்.

அவள் படத்தின் பின்னால் அண்ணனின் கையெழுத்து. 'ள'வுக்கு வால் நீட்டுகிற கையெழுத்து. ஒரே வரி: "சினிமாவில் சேலை கட்டிய ஆணைக் கேலி செய்த காட்சிக்கு இவள் புரையேறும்வரை சிரித்தாள்."

அவன் படத்தை அவனிடம் நீட்டினாள். அவள் எழுதியதை அவன் வாசித்தான்: "டிவியில் ஆண் சேலை கட்டி வந்த காட்சிக்கு எங்கள் வீட்டிலேயே அதிகச் சத்தமாகச் சிரித்தவன் இவன்தான்."

அந்தக் காட்சி ஓடிய ஞாயிறு மதியம் இருவருக்கும் நினைவிருந்தது. அப்பா நாற்காலியில், அம்மா தரையில், டிவியில் அந்த நகைச்சுவை நடிகர் இடுப்பை ஒடித்து நடந்துகொண்டிருந்தார்.

"நீ சிரிச்ச" என்றாள்.

"நீ என்னையே பார்த்துட்டிருந்தே. நான் சிரிக்கலன்னா தெரிஞ்சிடும்னு சிரிச்சேன்."

"நீ சிரிக்கிறியான்னுதான் பார்த்தேன். சிரிச்சுட்ட. அதான் நானும்..."

"புரையேறிச்சே."

"அழுகையை அடக்கினா புரையேறும்ணா."

அவன் அவள் தலையில் ஒரு குட்டு வைத்தான். நீலம் ஒட்டிக்கொண்டது.

மணி மூன்றேகால். படிவம் உள்ளே; அவர்கள் வெளியே. நாலரைக்கு மூன்று பக்கம். இந்த இடத்தில்தான் மொழிபெயர்ப்பு நாவல்களின் பயனை உலகம் உணர வேண்டும். அவள் அண்ணனின் படத்தை நாலாக மடித்து வாயில் போட்டாள்.

"ஏய், ஏய்! அது போட்டோ பேப்பர்டி!"

"ம்ம்" என்றாள். நாவல்களில் யாரும் இவ்வளவு நேரம் மென்றதில்லை. அண்ணனின் முகமும், அவன் தோளில் இருந்த அவளுடைய நாலு விரலும் சேர்ந்து ஒரு வழியாக உருண்டையாயின. விழுங்கத் துணிச்சல் வரவில்லை. வழிவிடு நீட்டிய காகிதத்தில் துப்பினாள். அவன் அவள் படத்தை மெல்லவில்லை. சட்டைப் பையில் வைத்துப் பொத்தானைப் போட்டான்.

"ஐயா, இப்ப பாருங்க" என்றாள் அவள்.

குறுகியபாலம் வானத்திலிருந்து இறங்கி வந்து, பலகையை மேலிருந்து கீழாக ஒருமுறை, கீழிருந்து மேலாக ஒருமுறை முறைப்படி சரிபார்த்தான். "உங்க ரெண்டு பேர் படமும் பட்டியல்ல இல்லையே. இவ்வளவு நேரம் ஏன் வெளிய நிக்கிறீங்க?"

நாலரைக்கு அவள் படித்தாள். முதல் பக்கம் குழாய்ச் சத்தம் இல்லாததால் வேகவேகமாக ஓடியது, இரண்டாவதில் யாரோ சிரித்தார்கள், நல்ல சிரிப்பு. மூன்றாவதில் தகரக் கூரைமேல் காக்கை நடக்கிற சத்தம் மட்டும் கேட்டது. பின்னால் அண்ணன் வரைந்த நீலம் சுவர் முழுக்க இருந்தது. அவன் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தான். துணைக்குழுவின் அறிக்கை வராததால் அது முதல் வரிசையாகவும் இருக்கலாம். அவள் முடித்ததும் எழுந்து நின்று, "எனக்கு ஒரு மறுப்பு இருக்கு. சீக்கிரம் முடிஞ்சுது" என்றான்.

விழா அமோக வெற்றி. வந்தவர்கள் முப்பத்தோரு தொண்டர்களும், வழி தவறி வந்த ஒரு தபால்காரரும். தபால்காரர் கடைசிவரை இருந்தார்.

அடுத்த ஞாயிறு மதியம். அப்பா நாற்காலியில், அம்மா தரையில், பிள்ளைகள் சுவரோரம். டிவியில் அதே படம் மறுபடி. நகைச்சுவை நடிகர் சேலையைச் சரிசெய்துகொண்டு இடுப்பை ஒடித்தார். அப்பா "ஹ" என்று ஆரம்பித்தார். அம்மாவும் ஆரம்பித்தாள். சுவரோரத்திலிருந்து சத்தமே வரவில்லை. இரண்டு சிரிப்பும் பாதி வழியில் நின்றன.

"ஏன், யாரும் சிரிக்கல?" என்றார் அப்பா.

"நீங்க ஏன்ப்பா சிரிச்சீங்க?" என்று கேட்டாள் அவள்.

அவர் யோசித்தார். வண்டி வராத நேரத்தைக் குறிக்கச் சொன்னதுபோல் விழித்தார். "எல்லாரும் சிரிப்பீங்கன்னு" என்றார். பிறகு அம்மாவைப் பார்த்தார்.

"என்னை எதுக்குப் பார்க்கிறீங்க?" என்றாள் அம்மா. "நான் உங்களைப் பார்த்துத்தான் சிரிச்சேன்."

கலைவிழாவின் ரகசியக் காப்பே தலைசிறந்தது என்று தொடக்கத்தில் சொல்லியிருந்தோம். அந்தப் பாராட்டைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறோம். நாலே உறுப்பினர்கள், கூட்டமில்லை, படிவமில்லை, எழுதிய விதி ஒன்றுகூட இல்லை. இருபத்து மூன்று வருஷத்தில் ஒருவர் பயம் இன்னொருவர் காதுக்கு எட்டியதில்லை. அப்படிப்பட்ட பாதுகாப்புக் குழு இந்த வீட்டுக்குள்ளேயே இருந்திருக்கிறது. அதற்குக் கிளைகள் எத்தனை என்று விசாரிக்க வேண்டிய சிரமமும் இல்லை. ஞாயிறு மதியம் எந்தத் தெருவிலும் நடந்து பாருங்கள். உங்கள் வீட்டு ஜன்னலையும் சேர்த்து, ஜன்னலுக்கு ஜன்னல் அலுவலகம் இயங்குகிற சத்தம் சிரிப்பாகக் காதில் விழும்.